சிறைக் கதவு திறப்பதற்கு முன்: அமெரிக்கப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சிறை நிர்வாகத்தின் கடமைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர் வெளியே வந்த பிறகு என்ன நடக்கும் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். இணையதளத்தில் படம் வரும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காது, இப்படி. அவர் வெளியே வருவதற்கு முந்தைய சில வாரங்களில் சிறை நிர்வாகம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது. பதிவேடு என்பது, இப்படித் தண்டனை பெற்றவர் தன் முகவரி, வேலை போன்றவற்றை அரசிடம் பதிந்து, மாறும்போதெல்லாம் தெரிவிக்க வேண்டிய பட்டியல். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே இது பொது விளக்கம் மட்டும்தான். சொந்த வழக்குக்கு வக்கீலைக் கேளுங்கள்.

பதிவேடு போலீஸ் வேலைதானே? சிறைக்கு இதில் என்ன?

ஆரம்பத்தில் போலீஸ் வேலையாகத்தான் இருந்தது. கலிஃபோர்னியா 1947இல் மாநில அளவிலான முதல் பதிவேட்டைக் கொண்டுவந்தபோது, குற்றவாளி தானாகப் போய் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. போகாதவரை யார் தேடுவது? அதற்குப் பதில் இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடின.

1989இல் மின்னசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரில் 1994இல் வந்த ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) சட்டம் எல்லா மாநிலங்களையும் பதிவேடு வைக்கச் சொன்னது. கூடவே ஒரு ஓட்டையையும் அடைத்தது: விடுதலையாகிறவரிடம் சிறை அதிகாரியோ நீதிமன்றமோ பதிவுக் கடமையைச் சொல்லி, முகவரி வாங்கி, படிவத்தில் கையெழுத்தும் வாங்க வேண்டும். 1996இல் மேகன் சட்டம் வந்து விவரங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2006 ஜூலை 27 அன்று ஆடம் வால்ஷ் சட்டம் கையெழுத்தானது. அதன் முதல் பகுதியான பாலியல் குற்றவாளிகள் பதிவு, அறிவிப்புச் சட்டத்தைத்தான் சுருக்கமாக 'சோர்னா' என்கிறார்கள். இன்றைக்கு ஃபெடரல் அளவில் அடிப்படை அதுதான்.

சோர்னாவின் வாதம் எளிது. ஆள் எங்கே இருக்கிறார் என்று அரசாங்கத்துக்கு நிச்சயமாகத் தெரிகிற கடைசி இடம் சிறை. அங்கேயே முதல் பதிவை முடித்துவிட வேண்டும்.

சட்டப்படி சிறை செய்ய வேண்டியவை என்னென்ன?

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 34ஆம் தலைப்பு, 20919ஆம் பிரிவு மூன்று வேலைகளைச் சொல்கிறது. விடுதலைக்குச் சற்று முன்பாக, 'உரிய அதிகாரி' ஒருவர் (1) பதிவுக் கடமைகளை அவருக்குத் தெரிவித்து விளக்க வேண்டும். (2) விளக்கப்பட்டது, புரிந்தது என்று எழுதியிருக்கும் படிவத்தை அவரைப் படிக்கச் செய்து கையெழுத்து வாங்க வேண்டும். (3) அவர் பதிவாகிவிட்டார் என்பதை உறுதி செய்ய வேண்டும்.

அந்த 'உரிய அதிகாரி' யார் என்று பிரிவு சொல்லவில்லை. நடைமுறையில் அது கேஸ் மேனேஜராகவோ, ரெக்கார்ட்ஸ் பிரிவு ஊழியராகவோ, கவுண்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஜெயிலில் அதன் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆளாகவோ இருப்பார். சிறைத் தண்டனையே இல்லாமல் ப்ரொபேஷன் (வெளியே இருந்தபடி கண்காணிப்பு) மட்டும் கிடைத்தவருக்குத் தீர்ப்பு சொன்ன உடனே இதெல்லாம் நடக்க வேண்டும். அவர் 3 வேலை நாளுக்குள் பதிவாக வேண்டும்.

மூன்றில் முதல் இரண்டும் காகித வேலை. மூன்றாவதுதான் கனமானது. 'சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு' என்று சிறை கைகழுவக் கூடாது என்பது அதன் பொருள். ஆனால் சோர்னா மாநிலங்களை நேரடியாகக் கட்டாயப்படுத்துவதில்லை. பின்பற்றாத மாநிலத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஃபெடரல் நிதியில் 10 சதவீதம் குறையும், அவ்வளவுதான். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இன்னும் முழுமையாகப் பின்பற்றவில்லை. 'படிவத்தைக் கொடுத்து அனுப்பு, அங்கே போய்ப் பதிந்துகொள்ளட்டும்' என்ற பழைய பாணி பல இடங்களில் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெறும் ஒரு கையெழுத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு விதி இருந்தது. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்ற எவரும் பதிவு செய்யாமல் 5 நாளுக்கு மேல் நகரில் தங்கக் கூடாது. போலிக் கையெழுத்து வழக்கில் முன்பு தண்டனை பெற்ற ஒரு பெண் அந்த ஊரிலேயே 7 ஆண்டுக்கு மேல் வாழ்ந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு விதி இருப்பதே தமக்குத் தெரியாது என்றார். 250 டாலர் அபராதமும் 3 ஆண்டு ப்ரொபேஷனும் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957இல், 'லாம்பர்ட் எதிர் கலிஃபோர்னியா' வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பதிவு செய்யாமல் சும்மா இருந்ததையே குற்றமாக்க வேண்டுமென்றால், அந்தக் கடமை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது தெரிந்திருக்கும் என்று நம்ப இடமாவது இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சிறையில் வாங்கும் கையெழுத்து இந்தத் தீர்ப்புக்குப் போட்ட பூட்டு. 'எனக்குத் தெரியாது' என்று பின்னால் சொல்ல முடியாதபடி அரசுத் தரப்பு முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சாட்சியம். பல மாநிலங்களின் படிவங்களில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயரின் முதலெழுத்தைப் போட இடம் விட்டிருப்பார்கள். முகவரி மாறினால் இத்தனை நாளில் சொல்வேன், வேலை மாறினால் சொல்வேன், வண்டி வாங்கினால் சொல்வேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக. விடுதலை நாள் பரபரப்பில் இருக்கிற ஆள் இதை எவ்வளவு நிதானமாகப் படிப்பார் என்பது உங்கள் ஊகத்துக்கு. நீதிமன்றத்தில் அந்த முதலெழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும்.

கையெழுத்துப் போட மறுத்தால்? கடமை போகாது. படித்துக் காட்டினோம், மறுத்தார் என்று அதிகாரி குறித்து வைத்தால் அதுவும் சாட்சியம்தான்.

என்னென்ன விவரங்கள் சேகரிக்கப்படும்?

அவரிடமிருந்து: பெயர், புனைபெயர்கள், சோஷியல் செக்யூரிட்டி எண், தங்கப்போகும் முகவரி, வேலை செய்யும் இடம், படிக்கும் இடம், வண்டியின் நம்பரும் விவரமும், வெளிநாட்டுப் பயணத் திட்டம், மின்னஞ்சல் போன்ற இணைய அடையாளங்கள். அதிகாரிகள் சேர்ப்பவை: உடல் அடையாளங்கள், புதிய புகைப்படம், கைரேகை, உள்ளங்கை ரேகை, டிஎன்ஏ மாதிரி, குற்ற வரலாறு, எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை என்பதன் வாசகம், ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டையின் நகல்.

இவையெல்லாம் இணையதளத்துக்குப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளம், சோஷியல் செக்யூரிட்டி எண், தண்டனையில் முடியாத கைதுகள், இணைய அடையாளங்கள் ஆகியவை பொதுத் தளத்தில் வரக் கூடாது.

விடுதலைக்கு எத்தனை நாள் முன்னால் இதை முடிக்க வேண்டும்?

சோர்னா நாள் கணக்குச் சொல்லவில்லை. தண்டனைக் காலம் முடிவதற்குள் பதிவாகிவிட வேண்டும் என்கிறது. நாள் கணக்கு மாநிலச் சட்டங்களில்தான் இருக்கிறது. அங்கேதான் வித்தியாசங்களும்.

நியூயார்க்கில் விடுதலைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு சிறை அவரிடம் கடமையைத் தெரிவித்துப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நகல் அவருக்கு, ஒன்று சிறைக்கு, ஒன்று மாநிலக் குற்றவியல் நீதிச் சேவைகள் பிரிவுக்கு. அவர் மறுபடி குற்றம் செய்யும் அபாயம் எவ்வளவு என்ற அபாய நிலையை அங்கே முடிவு செய்வது சிறை இல்லை. இதற்கான ஆய்வு வாரியம் ஒன்று பரிந்துரைக்கும், நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும். சிறையின் பங்கு கோப்பைக் கொடுப்பதோடு முடிந்துவிடும்.

டெக்சஸில் கதை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 62ஆம் அத்தியாயத்தின்படி, விடுதலைக்கு முன் சிறையே ஒரு மதிப்பீட்டுக் கருவியை வைத்து 1, 2, 3 என்று அபாய எண் போட வேண்டும். 1 குறைவு, 3 அதிகம். பதிவுப் படிவத்தையும் சிறையே நிரப்பி, விடுதலைக்கு 7ஆம் நாள் முன்பு அந்த எண்ணோடு சேர்த்து மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கும் உள்ளூர்ப் போலீசுக்கும் அனுப்ப வேண்டும். ஒரு மாநிலத்தில் நீதிபதி முன் வக்கீல் வைத்து வாதாடக் கிடைக்கிற விஷயத்தை இன்னொரு மாநிலம் சிறை அலுவலக மேசையிலேயே முடித்துவிடுகிறது. எனக்கு நியூயார்க் முறைதான் நியாயமாகப் படுகிறது, தாமதம் ஆனாலும்.

கலிஃபோர்னியாவில் வேலை உள்ளே நுழையும்போதே தொடங்குகிறது. ஆளைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரி முன்பதிவு செய்வார்: கையெழுத்திட்ட வாக்குமூலம், கைரேகை, புகைப்படம். வெளியே விடும்போது மறுபடியும் கடமையைச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, போகும் முகவரியைக் கேட்டு எழுத வேண்டும். பெரிய குற்றமாக இருந்தால் விடுதலைக்குக் குறைந்தது 45 நாள் முன்பே படிவ நகல் உள்ளூர்ப் போலீசுக்கும், வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும், மாநில நீதித்துறைக்கும் போய்விட வேண்டும்.

ஃபெடரல் சிறையில் இருப்பவரை யார் பதிவு செய்வது?

ஃபெடரல் அரசுக்கென்று தனியாகப் பதிவு அலுவலகம் கிடையாது. அதனால் ஃபெடரல் சிறை வாரியத்தால் 'பதிந்து அனுப்ப' முடியாது. அது செய்ய வேண்டியதைச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு 4042ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யக் கடமைப்பட்டவர் என்பதைக் கைதியிடம் தெரிவிக்க வேண்டும். போகும் இடம் தெரிந்திருந்தால், விடுதலைக்குக் குறைந்தது 5 நாள் முன்பு அந்த ஊர்ப் போலீஸ் தலைமைக்கும் மாநிலப் பதிவேட்டு அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். கைதி வெளியே வந்து 3 வேலை நாளுக்குள் தான் தங்கும் மாநிலத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும்.

இந்த 3 வேலை நாளை எண்ணுவதில் தடுமாறுகிறவர்கள் உண்டு. உதாரணமாக, அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு (செப்டம்பரின் முதல் திங்கள், விடுமுறை) முந்தைய வெள்ளிக்கிழமை வெளியே வருகிறார் என்று வையுங்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் கணக்கில் வராது. செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் போயிருக்க வேண்டும். ஆனால் மாநிலச் சட்டம் அதைவிடக் குறைந்த கெடு வைத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சில ஊர்களில் பதிவு அலுவலகம் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் திறந்திருக்கும், முன்கூட்டியே நேரம் வாங்கச் சொல்வார்கள்.

ராணுவச் சிறைகளுக்கும் இதே போலத்தான். அங்கே டிடி 2791 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ராணுவ நீதிமன்றத் தண்டனை விவரங்கள் மாநிலங்களுக்குப் போய்ச் சேராமல் விட்டுப்போன நிலையில், பாதுகாப்புத் துறையே நேரடியாக, மாநிலப் பதிவுகளைத் தொகுத்து வைக்கும் தேசியப் பதிவேட்டுக்கு விவரம் கொடுக்க வேண்டும் என்று 2015இல் தனிச் சட்டம் போட்டார்கள்.

தண்டனை ஒரு மாநிலத்தில், வாழப்போவது இன்னொரு மாநிலத்தில். அப்போது?

ஒஹையோவில் தண்டனை அனுபவித்துவிட்டு மிஷிகனில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போகிறார் என்றால், சோர்னாவின்படி முதலில் தண்டனை கொடுத்த மாநிலத்திலேயே ஒரு பதிவு, அப்புறம் வசிக்கும் மாநிலத்தில் ஒரு பதிவு. வேலையோ படிப்போ மூன்றாவது மாநிலத்தில் என்றால் அங்கேயும். சிறையிருக்கும் மாநிலம், போகும் மாநிலத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பரோலோடு போகிறவர் என்றால் மாநிலங்களுக்கிடையிலான கண்காணிப்பு ஒப்பந்தத்தின்படி முன்அனுமதியும் வேண்டும்.

போக இடமே இல்லை என்றால் சிறை விடாதா?

சோர்னாவைப் பொறுத்தவரை வீடு இல்லை என்பது தடையில்லை. வழக்கமாகப் படுத்துறங்கும் இடம் எதுவோ அதுதான் வசிப்பிடம். பாலத்தடி என்றாலும், ஷெல்டர் என்றாலும் சிறை அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வருவது தூரக் கட்டுப்பாட்டில். நியூயார்க்கில் ஒரு சட்டம் சில வகைக் குற்றவாளிகள் பள்ளி வளாகத்துக்கு 1,000 அடிக்குள் வரக் கூடாது என்கிறது. நியூயார்க் நகரில் 1,000 அடிக்குள் பள்ளிக்கூடம் இல்லாத குடியிருப்பைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஊரில் நடந்தவர்களுக்குத் தெரியும். இடம் கிடைக்கும் வரை சிறைத்துறை ஆளைச் சிறையிலேயே 'குடியிருப்புச் சிகிச்சை மையம்' என்ற பெயரில் வைத்துக்கொண்டது. 2020இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. விடுதலைக்குத் தகுதி வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் அப்படி அடைபட்டிருந்த ஒருவரின் வழக்கு 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் தாயும் மகளும் இருக்கும் வீட்டுக்குப் போகக் கேட்டிருந்தார்; வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை. ஆனால் நீதிபதி சோட்டோமயோர் தனிக் குறிப்பு எழுதி, இந்த நடைமுறை அரசியலமைப்பு ரீதியாகத் தீவிரமான கேள்விகளை எழுப்புவதாகச் சொன்னார்.

இல்லினாயில் இதற்கு ஒரு கோரமான பெயரே உண்டு: 'வாசலிலேயே மீறல்'. மேற்பார்வை விடுதலை தொடங்கும் நாளில், அங்கீகரிக்கப்பட்ட வீடு இல்லை என்பதையே நிபந்தனை மீறலாக எழுதி, வெளியே காலடி வைக்காதவரைத் திரும்ப உள்ளே அனுப்புவது. 2019இல் அங்குள்ள ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம், பணமும் வீடும் இல்லை என்பதற்காக இப்படிக் காலவரையின்றி வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

சிறை சொல்ல மறந்துவிட்டது. பதியாமல் விட்டதற்குத் தண்டனை உண்டா?

பெரும்பாலும் உண்டு. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இது.

பதியாமலிருப்பது தனி ஃபெடரல் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. மாநிலச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் பொதுவாக மாநில எல்லை தாண்டியிருந்தால்தான் அது ஃபெடரல் வழக்காகும். ஃபெடரல் சட்டத்தில் தண்டனை பெற்றவருக்கு அந்த நிபந்தனை இல்லை. 'தெரிந்தே' செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சோர்னா என்ற சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பதிய வேண்டும் என்ற கடமை ஏதோ ஒரு வழியில் தெரிந்திருந்தால் போதும் என்று ஃபெடரல் அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) விதிகள் சொல்கின்றன, நீதிமன்றங்களும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு நாளில் நீதிபதி சொன்னதோ, பழைய பதிவு ஒன்றோ இருந்தால் 'சிறை சொல்லவில்லை' என்ற வாதம் நிற்காது. எந்த வழியிலும் தெரியாது என்று காட்ட முடிந்தால்தான் லாம்பர்ட் தீர்ப்பு கைகொடுக்கும்.

இன்னொரு தற்காப்பு உண்டு: தன் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலையால் பதிய முடியவில்லை, அந்தச் சூழ்நிலைக்குத் தான் காரணம் இல்லை, அது நீங்கியதும் உடனே பதிந்தேன் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். அலுவலகம் 'இங்கே பதிய முடியாது' என்று திருப்பி அனுப்பியது போன்ற நிலைமைக்கு இது பொருந்தும். போய் நின்றதற்கு அத்தாட்சி வேண்டும்.

ஆக, மூன்று கடமைகள் சிறைக்கு. தவறினால் விலை கொடுப்பவர் வேறொருவர்.

அப்படியென்றால் சிறை மீது வழக்குப் போடலாமா?

கஷ்டம். நல்லெண்ணத்தோடு செய்த செயல்களுக்கு ஃபெடரல் அதிகாரிகளுக்குச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. நியூயார்க், டெக்சஸ் போன்ற மாநிலங்களிலும் இதேபோன்ற பாதுகாப்பு உண்டு. தகவல் போகாததால் பின்னால் பாதிக்கப்பட்ட மூன்றாமவர் வழக்குப் போட்டாலும், தனியார் ஒருவர் செய்யும் வன்முறையைத் தடுக்கவில்லை என்பதற்காக அரசை அரசியலமைப்பின் பேரில் குற்றஞ்சாட்ட முடியாது என்ற 1989 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே நிற்கும்.

தண்டனை வேறு குற்றத்துக்கு. சிறையே 'பாலியல் குற்றவாளி' என்று வகைப்படுத்தலாமா?

பதிவேட்டில் சேர்க்க முடியாது, அதற்குத் தண்டனைத் தீர்ப்பு வேண்டும். ஆனால் சிறையின் உள் வகைப்பாடு வேறு விஷயம். ஹவாயில் பாலியல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு வேறு குற்றத்துக்கு உள்ளே போனவரைச் சிறை அந்த வகையில் சேர்த்து, அதற்கான சிகிச்சையை முடித்தால்தான் பரோல் என்றது. 1997இல் ஒன்பதாம் சரக ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாலியல் குற்றத் தண்டனை இல்லாதவரை முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் அப்படி முத்திரை குத்தக் கூடாது என்றது. 2004இல் டெக்சஸ் பரோல் வழக்கொன்றில் ஐந்தாம் சரகமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. உங்கள் உறவினரின் கோப்பில் அப்படிக் குறிப்பு இருந்தால் உள்முறையீட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். அதை முடிக்காமல் நீதிமன்றம் போனால் வழக்குத் தள்ளுபடியாகும்.

சிறையில் இருக்கும் காலம் பதிவுக் காலத்தில் கழியுமா?

கழியாது. சோர்னா குற்றத்தின் கடுமையைப் பொறுத்து மூன்று படிநிலை வைத்திருக்கிறது: முதல் படிநிலைக்கு 15 ஆண்டு, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு ஆயுள் முழுக்க. காவலில் இருக்கும் நாள்கள் இதில் சேராது. கலிஃபோர்னியா 2021 ஜனவரி முதல் 10, 20, ஆயுள் என்று தனக்கென்று படிநிலை வைத்திருக்கிறது.

தண்டனை முடிந்த பிறகும் சிறை பிடித்து வைக்கலாமா?

வீட்டுப் பிரச்சினை இல்லாமலே இதற்கு வழி இருக்கிறது. ஆடம் வால்ஷ் சட்டத்தின் இன்னொரு பகுதிப்படி, ஒருவர் 'பாலியல் ரீதியாக அபாயகரமானவர்' என்று ஃபெடரல் சிறை வாரியம் சான்றளித்தால் விடுதலை நின்றுவிடும். நீதிமன்றம் விசாரித்து, தெளிவான ஆதாரம் இருந்தால், சிகிச்சைக் காவலில் வைக்கும். இந்தத் திட்டம் வட கரோலினாவில் பட்னர் ஃபெடரல் சிறை வளாகத்தில் நடக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஃபெடரல் அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. பல மாநிலங்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. பதிவுக் கடமைகள் அங்கிருந்து வெளியே வரும்போது மறுபடி உயிர் பெறும்.

சிறுவர் சீர்திருத்த மையங்களுக்கும் இந்தக் கடமை உண்டா?

ஓரளவு. 14 வயதும் அதற்கு மேலும், மிகக் கடுமையான வகைப் பாலியல் குற்றம் என்றால் மட்டும் சோர்னா சிறுவர்களையும் பிடிக்கிறது. அங்கே அந்த மையமே 'சிறை' ஆகிறது. மாநிலங்கள் இதில் பெரிதும் வேறுபடுகின்றன.

பாதிக்கப்பட்டவருக்குச் சிறை சொல்லுமா?

பதிவேடு வேறு, இது வேறு. கென்டக்கியில் லூயிவில் நகரில், தன்னைத் தாக்கியவன் வெளியே வந்துவிட்டான் என்பதே தெரியாமல் 1993இல் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அதையடுத்து 1994இல் அங்கே தொடங்கிய தானியங்கி அறிவிப்பு முறை 'வைன்' இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பெயர் கொடுத்து வைத்தால் விடுதலை, இடமாற்றம் பற்றி அழைப்போ குறுஞ்செய்தியோ வரும். ஃபெடரல் வழக்குகளுக்குத் தனி முறை உண்டு. பெரும்பாலும் நீங்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், தானாக வராது.

உள்ளே இருப்பவர் கிரீன் கார்டு அல்லது விசாவில் இருக்கும் தமிழர். அவருக்கு ஏதாவது மாறுமா?

பதிவுக் கடமை குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஆனால் விடுதலை நாளில் அவர் வாசலுக்கு வராமலே போகலாம். குடிவரவுத் துறை காவலாணை போட்டிருந்தால் சிறை அவரை நேராக அவர்களிடம் ஒப்படைக்கும். பிணையில் வெளியே வந்தால் பதிவுக் கெடு அப்போது ஓடத் தொடங்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. பதியாததற்கு ஃபெடரல் சட்டத்தில் தண்டனை கிடைத்தால், அதுவே நாடுகடத்தத் தனிக் காரணம். வெளிநாடு போவதானால் 21 நாள் முன்பு தெரிவிக்க வேண்டும். ஊரில் சாவு என்றாலும் பதிவு அலுவலகத்தில் சொல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

ஆங்கிலம் சரியாகப் புரியாதவர் என்றால், கையெழுத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளரை எழுத்தில் கேளுங்கள். இன்னொரு கைதியை வைத்து விளக்கியதை ஏற்காதீர்கள். காது கேளாமை, பார்வைக் குறைவு, அறிவுத்திறன் குறைபாடு போன்றவை இருந்தால் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சிறைகளுக்கும் பொருந்தும் என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தியாவில் இப்படி உண்டா?

2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. ஆரம்பத்திலேயே 4.4 லட்சத்துக்கு மேல் பதிவுகள். பராமரிப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். போலீசும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே பார்க்கலாம், பொதுமக்களுக்கு இல்லை. வெளியே வந்தவர் தானாகப் போய் அடிக்கடி பதிய வேண்டும் என்ற அமெரிக்க பாணிக் கடமையும் அதில் இல்லை.

குடும்பத்தார் முன்கூட்டியே செய்யக்கூடியது ஏதாவது?

உண்டு. விடுதலைத் தேதிக்குச் சில மாதம் முன்பே கேஸ் மேனேஜரிடம், எந்தப் படிவம், யாருக்கு எப்போது போகும் என்று கேட்டுவையுங்கள். கொடுக்கப்போகும் முகவரியை நீங்களே தூரக் கட்டுப்பாட்டோடு சரிபாருங்கள். அப்பார்ட்மென்ட் எண் ஒன்று விட்டுப்போனாலும் அது 'தவறான முகவரி' ஆகிவிடும். வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது கையெழுத்திட்ட படிவத்தின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். 'உள்ளேயே பதிந்துவிட்டார்கள்' என்று அவர் சொன்னாலும் நம்பி உட்கார்ந்துவிடாமல், உள்ளூர் அலுவலகத்துக்கு அடுத்த வேலை நாளே நேரில் கூட்டிப் போங்கள். அங்கே ரசீது தருவார்கள். தராவிட்டால் தேதியையும், பேசிய அதிகாரியின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.